நிர்வாக நலன் கருதி: கல்வி அதிகாரிகள் வந்துபோன வரலாறு

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். பள்ளித் துணை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர் சாலையில் ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்குச் சரியாகச் சாயங்கால நடைக்குக் கிளம்புவார். ஒருநாள் டீக்கடையில் வைத்துக் கேட்டேன்.

"சார், இந்த வேலையில உங்களுக்குத் திருப்தி இருந்துதா?"

சிரித்தார். "முப்பத்தோரு வருஷத்துல இத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல தம்பி. எங்க போட்டா போவன்னுகூட கேட்டதில்ல. ஆர்டர் வரும். பொட்டியக் கட்டணும். ஆர்டர்ல ஒரு வரி இருக்கும், நிர்வாக நலன் கருதின்னு. யாரு நலன்னு மட்டும் போட்டிருக்க மாட்டாங்க."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். பள்ளிக்கூடம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பாடத்திட்டத்தின் கருத்தியல், மொழிக்கொள்கை, தனியார்மயம், ஆசிரியரின் சாதி, மாணவரின் சாதி எல்லாம் பேசியாயிற்று. பள்ளிக்கும் தலைமைச் செயலகத்துக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர், டி.இ.ஓ., சி.இ.ஓ. என்று காலத்துக்குக் காலம் பெயர் மாறும். அவர் ஏன் ஒரு இடத்தில் நிற்பதில்லை என்று நாம் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தைக் கருத்தியல் சாதனங்களில் முதன்மையானதாக வைத்து 1970இல் அல்தூஸர் எழுதிய கட்டுரையை நாமெல்லாம் அடிக்கோடு போட்டுப் படித்தோம். அதில் ஆசிரியர் வருகிறார். ஆய்வாளருக்கு அங்கே இடமில்லை. நம்ம கண்ணிலும் அவர் படவில்லை. பட்டபோதெல்லாம் அவரை 'மாற்று' என்று கோஷம் போட்டதோடு சரி. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'திருப்தி' என்கிற சொல்லைக் கொஞ்சம் தோண்ட வேண்டும். வேலையில் திருப்தி என்பதை அளந்து பார்க்கலாம் என்ற யோசனை ஆலையிலிருந்து வந்தது. சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924இலிருந்து 1932வரை நடந்த சோதனைகளும், அவற்றை வைத்து எல்டன் மேயோ கட்டிய கோட்பாடும் தொழிலாளியின் மனசை நிர்வாகத்தின் ஆய்வுப் பொருளாக்கின. 1935இல் ராபர்ட் ஹாப்பக் 'வேலைத் திருப்தி' என்றே தலைப்பு வைத்துப் புத்தகம் போட்டார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற சிற்றூரில் வேலை செய்பவர்களிடமெல்லாம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த கணக்கு அது. பெரும்பாலோர் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள் என்று முடிவு வந்தது.

மறுவருஷம், 1936 ஜூலை 30இல், புதுச்சேரி சவானா ஆலையில் எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள்மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். நம்ம ஊரில் தொழிலாளியின் திருப்தியை அளந்த விதம் அது. அதற்குப் பிறகுதான், 1937இல், எட்டு மணி நேரத்துக்கு வழி திறக்கும் சட்டம் வந்தது. திருப்தியைக் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்க வேண்டுமானால், வேலையை விட்டுப் போகிற சுதந்திரம் தொழிலாளிக்கு இருக்க வேண்டும், அவன் போனால் முதலாளிக்கு நஷ்டம் என்ற நிலையும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் திருப்தி ஒரு கேள்வியாகவே எழாது.

அமெரிக்காவில் மாவட்டப் பள்ளிகளின் தலைவரை சூப்பரின்டென்டன்ட் என்கிறார்கள். 1837இல் பஃபலோ, லூயிவில் நகரங்களில் தொடங்கிய பதவி. பெரும்பாலான இடங்களில் ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் அவரை ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைக்கும். பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது. அவருக்கும் பிடிக்கவில்லை என்றால் பக்கத்து மாவட்டத்துக்குப் பேரம் பேசிப் போவார். இதனால்தான் அங்கே சூப்பரின்டென்டன்ட் ஏன் போகிறார், எத்தனை வருஷம் தாங்குகிறார், எதில் திருப்தி, எதில் இல்லை என்று ஆய்வு ஆய்வாக எழுதித் தள்ளுகிறார்கள். அவற்றில் முக்கியமானது ரேமண்ட் கலஹன் 1962இல் எழுதிய நூல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளித் தலைவர்கள் கல்வியை விட்டுவிட்டுக் கணக்கு வழக்கு, செலவுச் சிக்கனம், 'திறன்' என்று வியாபாரிகளின் பாஷையைப் பேசத் தொடங்கியது எதனால் என்று கேட்டார் அவர். வேலை போய்விடும் என்ற பயம்தான் என்பது அவர் கண்டது. எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறியப்படலாம் என்ற நிலையில் இருப்பவன், தூக்கி எறியும் கையின் மொழியையே பேசக் கற்றுக்கொள்கிறான்.

இதை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. இங்கே கல்வி அதிகாரிக்கு வேலை போகாது, இடம்தான் போகும். சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் பத்திரம். இந்தப் பத்திரத்துக்குக் கொடுக்கும் விலைதான் மாற்றல். அங்கே இருக்கிற பயம் வேலையைப் பற்றியது. இங்கே பிள்ளைகளின் படிப்பு, வயதான அம்மா, பாதி கட்டின வீடு, மனைவிக்கு வேறு ஊரில் உத்தியோகம் என்று நூறு சில்லறைப் பயங்கள். அவற்றின் கூட்டுத்தொகை கலஹன் சொன்ன பயத்துக்குக் குறைந்ததல்ல.

*

இந்தப் பதவி எப்படி வந்தது?

1854ஆம் வருஷத்தில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு காகிதங்கள். அவ்வருஷம் ஜூன் 14இல் பிரான்சில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கல்வி ஆய்வாளரை அது உட்கார வைத்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியரை நியமிக்கும் அதிகாரத்தைக் கல்வித்துறையிடமிருந்து எடுத்து அரசின் மாவட்ட நிர்வாகியான பிரிஃபெ கையில் கொடுத்தது. மூன்றாம் நெப்போலியன் பேரரசனாகி இரண்டு வருஷம் ஆகாத நேரம். ஊர் வாத்தியார்கள் குடியரசு பேசிவிடுவார்கள் என்ற அச்சம். ஜூலை 19இல் லண்டனிலிருந்து சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை இந்தியாவுக்குக் கிளம்பியது. மாகாணத்துக்கு ஒரு பொதுக்கல்வித் துறை, அதற்கு ஒரு இயக்குநர், அவருக்குக் கீழே ஆய்வாளர்கள். சென்னையில் 1855இல் அலெக்ஸாண்டர் அர்பத்நாட் முதல் இயக்குநரானார்.

ஆக, புதுச்சேரி எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் இங்கிலீஷ் என்று இருந்தாலும், கல்வி அதிகாரி என்ற ஆளைப் பெற்றெடுத்த வயிறு ஒன்றுதான். பள்ளியை நடத்துவதற்காக அவரைப் படைக்கவில்லை. தூரத்தில் இருக்கிற அரசு பள்ளியைப் பார்ப்பதற்கு ஒரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. பார்க்கிற கண்ணுக்கு ஓர் ஊர் மேல் பாசம் வந்துவிட்டால் பார்வை பழுதாகும் என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஃபூக்கோ 1975இல் எழுதிய நூலில் தேர்வு, மேற்பார்வை பற்றிச் சொன்னதை நாம் மாணவருக்கும் கைதிக்கும் பொருத்திப் பார்த்தோம். ஆய்வாளரும் இன்னொரு கண்ணுக்குக் கீழேதான் இருக்கிறார். பள்ளியைப் பற்றி அவர் ஆய்வுக் குறிப்பு எழுதுகிறபோது, அவரைப் பற்றி இன்னொருவர் ரகசியக் குறிப்பு எழுதுகிறார்.

இந்த ஏற்பாட்டை நம்பி உள்ளே போய், ஒரு மாவட்டத்தில் ஏதாவது செய்துவிடலாம் என்று முயன்று, முடியாமல் வெளியே வந்த முதல் பெரிய மனிதர் வங்காளத்து ஈஸ்வர சந்திர வித்யாசாகர். விதவை மறுமணத்துக்காகத்தான் அவரை நமக்குத் தெரியும். அவர் கல்வி அதிகாரியாக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1855இல், கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரி முதல்வராக இருந்தபடியே, ஹூக்ளி, பர்த்வான், மேதினிபூர், நாதியா ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் பள்ளி ஆய்வாளரானார். ஊர் ஊராகப் போய் மாவட்டத்துக்கு ஐந்து வீதம் இருபது மாதிரிப் பள்ளிகளைத் திறந்தார். பிறகு, 1857 நவம்பருக்கும் 1858 மே மாதத்துக்கும் நடுவில் ஏழே மாதத்தில் முப்பத்தைந்து பெண்கள் பள்ளிகள். சுமார் 1,300 பெண் குழந்தைகள். வடக்கே சிப்பாய்க் கலகம் எரிந்துகொண்டிருந்த சமயம் அது என்பதை மறக்கக்கூடாது.

மேலிருந்தவர்கள் வாய்மொழியாகத் தலையாட்டியதை நம்பித்தான் பள்ளிகளைத் திறந்தார். பணம் என்று வந்தபோது இந்திய அரசாங்கம் அனுமதி மறுத்தது. வாத்தியார்களுக்குச் சம்பளம் பாக்கி. துறை இயக்குநர் கார்டன் யங்கோடு ஏற்கனவே உரசல். 1858இல் வித்யாசாகர் ராஜினாமா செய்தார். மாதம் 500 ரூபாய்ச் சம்பளம், அந்தக் காலத்தில் ஓர் இந்தியனுக்குக் கிடைத்த பெரிய சம்பளம், அதை விட்டுவிட்டுப் போனார். உடல்நலத்தைக் காரணம் சொன்னார். இந்த உத்தியோகத்தில் மேலே போக வழியில்லை, இந்தக் கல்விமுறையோடு மனசும் ஒட்டவில்லை என்றும் சேர்த்து எழுதினார். வேலைத் திருப்தி பற்றி இந்தியக் கல்வி அதிகாரி ஒருவர் அரசாங்கத்துக்கு எழுதிய ஆகப் பழைய வாக்குமூலங்களில் இது ஒன்றாக இருக்கும். ஹாப்பக்குக்கு முக்கால் நூற்றாண்டு முந்தியது. யாரும் கேள்வித்தாள் கொடுக்காமலே எழுதியது. நிலுவைச் சம்பளத்தைப் பிறகு அரசாங்கம் கொடுத்தது. பள்ளிகளைத் தொடர்ந்து நடத்தப் பணம் தரவில்லை. நன்கொடை திரட்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் இங்கிலாந்தில். கவி மேத்யூ ஆர்னால்ட் 1851இல் பள்ளி ஆய்வாளரானார். கல்யாணம் செய்துகொள்ள நிலையான வருமானம் வேண்டும் என்பதுதான் காரணம். பிடிக்காத வேலை. முப்பத்தைந்து வருஷம், 1886வரை, அதிலேயே இருந்தார். ரயிலில் திரிந்து, குளிரில் காய்ந்து, பிள்ளைகளின் கையெழுத்துக்கு மார்க் போட்டுக்கொண்டு. ஆகவே நிலைத்திருப்பவன் திருப்தியானவன், விலகுபவன் திருப்தியற்றவன் என்ற சமன்பாடு சரியில்லை. வித்யாசாகருக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதனால்தான் போனார். ஆனால் நிலைத்திருந்ததற்கு ஒரு பயன் உண்டு. 1862இல் ராபர்ட் லோவ் 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' கொண்டுவந்தபோது, எத்தனை பிள்ளை பாஸோ அத்தனை பணம் என்ற அந்தக் கணக்கை எதிர்த்து ஆர்னால்ட் எழுதினார். தான் வேலை பார்க்கும் துறையையே எதிர்த்து. பள்ளிகளை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துத் தேறிய அறிவிலிருந்து எழுதியது அது.

அந்தத் திட்டம் கடல் தாண்டி இங்கேயும் வந்தது. 1860களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சி மானியம் நடைமுறைக்கு வந்து, திண்ணைப் பள்ளிகளை அரசின் கணக்குக்குள் இழுத்துப் போட்டது. ஆய்வாளர் ஊருக்கு வருகிற நாள் வாத்தியாரின் வயிற்றுக்கு வருகிற நாளாயிற்று. பிள்ளை தப்பாக வாசித்தால் காசு குறையும். ஆய்வாளருக்கும் பள்ளிக்கும் இருந்த உறவு இன்றுவரை அந்த வாசனை போகாமல் இருக்கிறது. கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் 1904இல் அந்த முறையைக் கைகழுவச் சொன்னது. பேரளவில் கைகழுவினார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் மாவட்டவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வரிசைப்படுத்தி, கடைசியில் நின்ற மாவட்டத்தின் அதிகாரியைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்கிறார்களே, அது என்ன? மாணவர்களை மாநில ரேங்க் போட்டு அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017இல் நிறுத்தியது. நல்ல காரியம். மாவட்டத்துக்கு ரேங்க் போடுவது நிற்கவில்லை.

எண்ணத் தெரிந்த இந்தக் கண்ணுக்கு எதைப் பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. 1919 மார்ச்சில் சென்னை அரசாங்கம் போட்ட 329ஆம் எண் ஆணையில் ஒரு கணக்கு இருக்கிறது. மாகாணத்தின் 8,157 பொதுப் பள்ளிகளில் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் சாவடியிலும் இருந்தன, பிள்ளைகள் உள்ளே வர முடியவில்லை. பள்ளி இருந்த தெரு எது, யார் உள்ளே, யார் வெளியே என்பதெல்லாம் ஆய்வாளர்கள் வருஷா வருஷம் நேரில் போய்ப் பார்த்த விஷயம்தானே? பொதுக் கல்வித்துறை தொடங்கி அறுபத்து நான்கு வருஷம் கழித்து, கேட்டால் கணக்கு வருகிறது. இதை வெறும் தனிமனித சாதிப்புத்தி என்று முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதுவும் இருந்தது. ஆனால் ஒரு ஊரில் பள்ளியை அக்கிரகாரத்திலிருந்து பொது இடத்துக்கு நகர்த்த மூன்று நான்கு வருஷம் விடாமல் நின்று சண்டை போட வேண்டும். இரண்டு வருஷத்தில் போய்விடுவார் என்று ஊர்ப் பெரிய மனுஷர்களுக்குத் தெரிந்த ஓர் அதிகாரியோடு அவர்கள் சண்டையே போடத் தேவையில்லை. காத்திருந்தால் போதும்.

காத்திருந்தால் போதும். அதிகாரி மாறிக்கொண்டே இருப்பதால் யாருக்கு லாபம் என்று தேடினால் எல்லாக் காலத்திலும் இந்த விடைதான் வருகிறது. ஊரில் நிலையாக இருப்பவை சாதியும் சொத்தும், இப்போது கூடுதலாகத் தனியார் பள்ளி முதலாளியும். வந்துபோகிறவர் அதிகாரி.

*

பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வருவோம். இங்கே நியமனமும் மாற்றலும் ஆளுநரின் ஆணையால் நடந்தவை. அதிகாரிகளின் உலகம் இன்னும் அகலம். இந்தோசீனா, ரியூனியன், ஆப்பிரிக்கா என்று காலனிக்குக் காலனி சுற்றுகிறவர்கள். நம்ம ஊர்க்காரர்களும் சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போனார்கள். வாத்தியாருக்குச் சின்ன உலகம், ஆனால் அதிலும் சுற்றல்தான். கனகசுப்புரத்தினம் என்ற பாரதிதாசன் 1909இல் காரைக்கால் பக்கம் நிரவியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து, 1946இல் ஓய்வு பெறும்வரை பல ஊர்ப் பள்ளிகளில் இருந்தார். அவரைக் கவியாகவும் இயக்கத்தவராகவும் எழுதியவர்கள் ஏராளம். முப்பத்தேழு வருஷம் அரசுப் பள்ளி ஆசிரியராக ஒரு நிர்வாகத்துக்குக் கீழே அவர் வாழ்ந்ததை யாராவது தனியாக எடுத்து எழுதினால் நமக்கு ஒரு நல்ல கல்வி வரலாறு கிடைக்கும்.

1954இல் கணக்கு மாறியது. மார்ச்சில் முதலியார்பேட்டை உட்படக் கொம்யூன்களின் மேர்கள் இணைப்புத் தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு. நவம்பர் 1இல் கொடி மாறியது. சட்டப்படி இணைய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. அந்த எட்டு வருஷமும் கல்வித்துறை என்பது இரண்டு மொழி, இரண்டு பாடத்திட்டம், இரண்டு சான்றிதழ்களின் சந்தை. பிரவே படித்தவர் ஒரு பக்கம், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் ஒரு பக்கம். ஒருத்தர் கோப்பை இன்னொருத்தர் படிக்க முடியாது.

அதே 1954இல் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொன்று நடந்தது. முந்தின வருஷம் ராஜாஜி கொண்டுவந்த, பெரியார் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்த, தொடக்கக் கல்வித் திட்டம் ஏப்ரலில் அவர் ஆட்சியோடு போயிற்று. காமராஜர் வந்தார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. திட்டம் நல்லது என்று ஊர் ஊராகப் போய் விளக்கிய அதே அதிகாரிகள்தான், அது ரத்து என்ற சுற்றறிக்கையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் மனசில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அந்த வருஷம்தான் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரானார். காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்துக்காரர், சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர், பள்ளித் துணை ஆய்வாளர் வேலையில் ஊர் ஊராகச் சுற்றி மேலே வந்தவர். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அது முதலில் ஊராரின் அரிசியிலும் பருப்பிலும் நடந்தது. கல்வி அதிகாரிகள் ஊரில் போய் உட்கார்ந்து கேட்டு வாங்கினார்கள். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். கூரை, பெஞ்சு, கரும்பலகை, சீருடை எல்லாம் ஊரார் கொடுத்தது. ஆய்வாளர் என்கிற ஆள் நூறு வருஷத்தில் முதல்முறையாக எண்ணுகிற வேலையை விட்டுக் கேட்கிற வேலைக்கு வந்தார். இது ஏன் நடந்தது? மேலே முதலமைச்சர் மாறவில்லை, கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1962வரை மாறவில்லை, இயக்குநரும் மாறவில்லை. ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் அதன் முடிவைப் பார்க்க அவரே இருப்பார் என்ற நம்பிக்கை கீழேவரை இருந்தது. 'நினைவு அலைகள்' என்று அவர் எழுதிய தன்வரலாறு தமிழில் ஒரு கல்வி அதிகாரியின் மனசு பதிவான அபூர்வமான நூல். அதைக் காமராஜரைப் பற்றிய சாட்சியமாக மட்டும் நாம் படித்துவிட்டோம்.

பொற்காலம் பாட நான் வரவில்லை. அந்த நிலைத்தன்மை ஒரு தலைவரின் நம்பிக்கையில் நின்றது, ஒரு விதியில் நிற்கவில்லை. தலைவர் போனால் போயிற்று. மாநாடு என்ற பெயரில் ஏழை ஊரிடமே வசூல் செய்தார்கள் என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு.

*

இப்போது எங்கள் கதை.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பூகோளம் விசித்திரமானது. தமிழ் பேசும் புதுச்சேரியும் காரைக்காலும், மலையாளக் கரையில் மாஹே, கோதாவரிக் கரையில் தெலுங்கு பேசும் ஏனாம். மாஹே இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். ஏனாம் 800க்கு மேல். பல மாநிலங்களில் இவ்வளவு தூரம் தூக்கிப் போட முடியாது. வரைபடத்தில் புள்ளியாக இருக்கிற எங்கள் ஊரால் முடியும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொத்துக்களில் அரசியல்வாதிகள் அதிகம் அனுபவித்தது இதைத்தான். "ஏனாம் பாத்துட்டு வா" என்றால் இங்கே எந்த அரசு ஊழியருக்கும் அர்த்தம் புரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வாசகர் வட்டம் நடத்தினோம். ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் ஒரு அரசுப் பள்ளியில் இரண்டு வாத்தியார்களை எடுத்து வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பிவிட்டார்கள். மூன்று வகுப்பு ஒரே அறையில். எங்களுக்குக் கோபம். உத்தரவில் கையெழுத்து துணை ஆய்வாளருடையது. நோட்டீஸ் அடித்தோம், சுவரில் எழுதினோம், மனு கொடுத்தோம். 'ஊழல் அதிகாரியை உடனே மாற்று.' ஊழல் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் ஒன்றுமில்லை. சந்தத்துக்கு நன்றாக இருந்தது. ஒரே மாதத்தில் அவரை ஏனாமுக்குப் போட்டார்கள். வெற்றி என்று டீ குடித்தோம்.

வாத்தியார்கள் திரும்பி வரவில்லை.

அந்தத் துணை ஆய்வாளர்தான் நான் முதலில் சொன்ன பெரியவர். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மேலிருந்து போனில் வந்த சொல்லுக்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூடாது என்று கோப்பில் குறிப்பும் எழுதியிருக்கிறார். குறிப்பு எழுதினவரை எப்படி நகர்த்துவது என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கள் மனு கையில் கிடைத்தது. பொதுமக்கள் கோரிக்கை, நிர்வாக நலன் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மாற்றலைத் தண்டனையாகக் கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்த ஆயுதத்தை நாமே சாணை பிடித்துக் கொடுக்கிறோம் என்பதும், தப்பு செய்கிற அதிகாரி இன்னொரு ஊர்ப் பிள்ளைகளுக்குத்தானே போய்ச் சேர்கிறார் என்பதும் அப்போது எங்கள் புத்தியில் ஏறவில்லை. விசாரணை கேட்டிருக்கலாம். அந்தக் கோப்பைக் காட்டு என்று கேட்டிருக்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005இல்தான் வந்தது. ஆனால் நேரில் போய் அவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அதற்குச் சட்டமா வேண்டும்?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர் அதிகாரிகளின் பதவிக்காலம் குறித்துச் சுப்பிரமணியன் வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 அக்டோபர் 31இல் தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்சக் காலம் நிர்ணயிக்க வேண்டும், மாற்றலுக்கு ஒரு வாரியம் வேண்டும் என்றது. அந்த வெளிச்சம் ஐ.ஏ.எஸ்.ஸோடு நின்றது. கீழே இருக்கிற கல்வி அலுவலர்வரை இறங்கவில்லை. புதுச்சேரியில் செயலர்களாக வரும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் டெல்லி, அருணாசலம், கோவா, அந்தமான் என்று சுற்றும் பொதுப் பணித்தொகுதிக்காரர்கள். பிரெஞ்சுக் காலத்துச் சுற்றல் வேறு வரைபடத்தில் தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2018இல் மாவட்டக் கல்வி நிர்வாகத்தை முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் ஒன்றாக்கினார்கள், 2022இல் தொடக்கக் கல்வியை மறுபடி பிரித்தார்கள். பள்ளிக்கல்வி இயக்குநரின் அதிகாரத்தை 2021இல் ஐ.ஏ.எஸ். ஆணையரிடம் கொடுத்தார்கள், ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன, 2023இல் இயக்குநர் திரும்பி வந்தார். ஆள் நின்றாலும் நாற்காலி நிற்பதில்லை. பல இடங்களில் நாற்காலியில் ஆளும் இல்லை. 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு தலைமையாசிரியரோ பக்கத்து அலுவலரோ இரண்டு இடத்துக் கோப்பையும் சுமக்கிறார். புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளை 2023–24இல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாற்றினார்கள். 1954க்குப் பிறகு இங்கே நடந்த ஆகப் பெரிய மாற்றம். இதை ஊர் ஊராகப் போய் விளக்க, தடுமாறும் பிள்ளைகளைப் பார்த்து மேலே எழுத, நாலு வருஷம் ஒரே இடத்தில் நிற்கிற ஒரு அதிகாரியை எங்காவது வைத்தார்களா?

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க நான் இருபது வருஷம் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். மாற்றல் வருவதற்கு முந்தின ஆறு மாதத்தில், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பெயரை வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருக்கிறார். பெயர், தெரு, எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது. அடுத்து வருகிறவருக்கு உதவும் என்று அலுவலகப் பீரோவில், கோப்புகளுக்கு மேலேயே, வைத்துவிட்டுப் போனார். அஞ்சு வருஷம் கழித்து அதே அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார். நடுவில் நாலு பேர் இருந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"அப்பிடியே இருந்துது தம்பி. தூசிகூட தட்டல. தொறந்து பாத்தேன். எண்பத்தேழு பேரு. அதுல ஒரு பையன் அன்னிக்குக் காலையிலதான் எனக்கு சைக்கிள் பங்ச்சர் ஒட்டினான்."

"நீங்க என்ன சார் செஞ்சீங்க?"

"நான் என்னாத்த செய்யறது. புதுசா ஒரு நோட்டு வாங்கினேன்."

அந்த இரண்டாவது நோட்டையும் முடிக்கவில்லை. அடுத்த ஜூனில் அவரைக் காரைக்காலுக்குப் போட்டார்கள்.